'ப்ளோ' படத்தில் ஜார்ஜ் ஜங்கை வீழ்த்தியது எது?

இரவுக்காட்சி:
டெட் டெம்மி இயக்கி 2001இல் வெளிவந்த 'ப்ளோ' படத்தை மீண்டும் பார்த்தேன். மாசசூசெட்ஸில் வளர்ந்து, கலிபோர்னியாவில் கஞ்சா விற்கத் தொடங்கி, பின்னர் கொலம்பியாவின் மெடலின் கும்பலுக்காகக் கொக்கைன் கடத்திய ஜார்ஜ் ஜங்கின் உண்மைக் கதை அது. ஜானி டெப் ஏற்ற அந்தப் பாத்திரத்தின் ஏறுமுகம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பேராசை, துரோகம், போதைப் பழக்கம், மணமுறிவு என்று பலவற்றை அடுக்கும் படம், அவரை வீழ்த்தியது எது என்று மட்டும் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறது. உங்கள் கருத்து என்ன? (முடிவு வரை பேசவிருப்பதால், பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.)

மூன்றாம்வரிசை:
நீங்கள் அடுக்கியவை எல்லாம் விளைவுகள் என்றே நான் நினைக்கிறேன். ஜார்ஜ் சரக்கை உற்பத்தி செய்தவர் அல்லர். வீதியில் விற்றவரும் அல்லர். டான்பரி சிறையில் உடனிருந்த டியேகோ மூலம் கொலம்பியர்களின் அறிமுகமும், சிகையலங்காரக் கடை நடத்தும் டெரெக் மூலம் கலிபோர்னியச் சந்தையும் அவர் கையில் இருந்தன. இவ்விரு தரப்பும் ஒன்றையொன்று அறியாதிருந்த வரையில்தான் அவருக்கு மதிப்பு. அதனால்தான் டெரெக்கின் பெயரைச் சொல்லும்படி டியேகோ விடாமல் நச்சரிக்கும் காட்சிகள், துப்பாக்கி நீட்டப்படும் காட்சிகளைவிட எனக்கு அச்சமூட்டின. பெயர் வெளியான பிறகு அவர் ஓரங்கட்டப்படுவதில் வியப்பே இல்லை. எந்த இடைத்தரகு அவரை உயர்த்தியதோ அதுவே அவரைத் தேவையற்றவராகவும் ஆக்கியது. பனாமா வங்கியில் போட்டிருந்த பணம் பறிபோவது இதற்கு மேல் விழுந்த அடி மட்டுமே.

நிஜத்தில் டியேகோவின் இடத்தில் இருந்தவர் கார்லோஸ் லேடர். பஹாமாஸின் நார்மன்ஸ் கே தீவைக் கைக்குள் கொண்டுவந்து, அங்கிருந்தே விமானங்களை இயக்கிய அவருக்கு இடைத்தரகர் எதற்கு? அவரும் தப்பவில்லை, 1987இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

பழையபெட்டி:
இந்த விளக்கம் தொழிலுக்குப் பொருந்துகிறது, மனிதருக்குப் பொருந்தவில்லை. தொழிலை விட்டு விலகிய பின்னும், மகளைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்லப் பணம் வேண்டும் என்று மீண்டும் ஒரு முறை இறங்கி, அங்கேதான் பிடிபடுகிறார். அதற்கு டியேகோ பொறுப்பல்லவே! கடன்பட்டு நொடித்த தந்தையைப் பார்த்து, தான் ஒருபோதும் ஏழையாக மாட்டேன் என்று உறுதி பூண்ட சிறுவனைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். வீழ்ச்சியின் வேர் அங்கே இருக்கிறது. தந்தையாக வரும் ரே லியோட்டா, டெப்பைவிட ஒன்பது வயதுகூட மூத்தவர் அல்லர் என்பதைப் படம் பார்க்கும்போது நான் மறந்தே போனேன். (தாயாக நடித்த ரேச்சல் கிரிஃபித்ஸ் டெப்பைவிட இளையவர்!)

எனக்குள்ள குறை வேறு. மகள் சிறைக்கு வருவதாக அவர் கற்பனை செய்யும் இறுதிக் காட்சியில் நம் கண்ணைக் கலங்க வைக்கும் படம், அவர் கடத்தியதை உட்கொண்டு சீரழிந்தவர்கள்மீது அந்த அக்கறையில் சிறு பங்கைக்கூடக் காட்டவில்லை.

மூன்றாம்வரிசை:
கடைசிக் குறையை முழுமையாக ஏற்கிறேன். மீண்டும் இறங்கியதைப் பொறுத்தவரை, அந்தக் கடைசிச் சரக்கிலும் அவர் நம்பியது பழைய கூட்டாளிகளைத்தான் என்பதையும், காவல்துறைக்கு அவரைப் பிடித்துக் கொடுத்தவர்களும் அவர்களே என்பதையும் கவனியுங்கள். விற்பதற்கு அறிமுகங்களைத் தவிர அவரிடம் வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நிஜ ஜார்ஜ் ஜங் 1994இல் கான்சஸில் கைதாகி, 2014இல் விடுதலையாகி, 2021இல் காலமானார்.