புதுப்பிப்பு: காப்பகத்து நாய் எப்படி இருக்கிறது?

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் ஆச்சி தனியாக இருக்கிறார். குட்டி வாங்குவதா, காப்பகத்தில் வளர்ந்த நாயை எடுப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வளர்ந்ததையே எடுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். சரி, எடுத்துவிட்டோம்.

பெண் நாய், செவலை நிறம், மூன்று வயதிருக்கும் என்றார்கள். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. வெறிநோய்த் தடுப்பூசி அட்டையும் கையில் தந்தார்கள். அடுத்தது ஒரு வருடம் கழித்து.

யாரும் எச்சரிக்காத சிக்கல் ஒன்று: ஆத்தங்குடிக் கல் தரை! வழவழப்பில் கால் நான்கும் நான்கு பக்கம் போக, நிலைப்படியிலேயே படுத்துவிட்டது. இரண்டு நாள் உள்ளே வரவேயில்லை. அப்புறம் வாசலிலிருந்து முற்றம் வரை பழைய அரிசிச் சாக்குகளை விரித்தோம். இப்போது சாக்குக்குச் சாக்கு தாவித்தான் நடக்கிறது.

"வளவுக்குள் நாய் வரக்கூடாது" என்று கறாராகச் சொன்ன ஆச்சிதான் மசாலாப் பணியாரத்தைப் பிட்டுப் போடப் பார்த்தார். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று சொல்லித் தடுத்தேன். "அப்ப அதுக்குத் தனியா ஊத்துறேன்" என்கிறார்.

பெயர் இன்னும் வைக்கவில்லை. ஆச்சி "இந்தா பிள்ளை" என்றால் போதும், வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.