மணிக்கட்டில் எலும்பு இடிப்பு: அம்மாவுக்கு அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி – கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 52. எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகளாகக் கத்தரியால் கொழுந்து வெட்டி வருகிறார். இரண்டு ஆண்டுகளாக அவருடைய வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, வலி இருந்துகொண்டே இருக்கிறது. ஈரத் துணியைப் பிழியத் தொடங்கினால் பாதியிலேயே கையை உதறிக்கொண்டு நின்றுவிடுகிறார். குளிரால் வரும் வலி என்று எண்ணித் தைலம் தேய்த்தே நாட்களைக் கடத்திவிட்டோம். முன்கை எலும்புகள் இரண்டில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா 3 மில்லிமீட்டர் நீண்டு மணிக்கட்டில் இடிப்பதாகவும், அதை வெட்டிக் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் இப்போது கூறுகிறார். 3 மில்லிமீட்டருக்காக எலும்பை வெட்டத்தான் வேண்டுமா?

பதில் 1 – குன்னூர், இயன்முறை மருத்துவர்

அந்த 3 மில்லிமீட்டரைச் சிறிதென்று நினைக்க வேண்டாம், சகோதரி. இரண்டு எலும்புகளும் சமமாக இருக்கும்போது மணிக்கட்டில் இறங்கும் சுமையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டையே அல்னா தாங்குகிறது, அது 2.5 மில்லிமீட்டர் நீண்டாலே அந்தப் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இடையிலுள்ள முக்கோணக் குருத்தெலும்பு தேய்ந்து கிழிவதும், எதிரேயுள்ள லூனேட் என்ற மணிக்கட்டின் சிறு எலும்பு பழுதாவதும் இதனால்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து இறுக்கிப் பிடிக்கும்போது அல்னா இன்னும் முன்னே வரும் என்பதால், அந்த நிலையிலும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள்.

ஆனால் எலும்பு நீண்டிருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. வலியே இல்லாமல் அப்படி வாழ்பவர்கள் ஏராளம். மணிக்கட்டை அசையாமல் தாங்கும் பட்டை அணிந்து, கத்தரி வேலையை நிறுத்தி, மருந்தும் ஊசியும் சில மாதம் பார்த்த பிறகும் வலி தீராதபோதுதான் அறுவை.

பதில் 2 – கூடலூர்

எனக்கு இந்த அறுவை நடந்தது. அல்னாவின் தண்டில் ஒரு மெல்லிய வில்லையை வெட்டியெடுத்து, முனைகளைச் சேர்த்து, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். மூட்டின் பரப்பைத் தொடவில்லை. வெட்டிய எலும்பு ஒன்றுகூடப் பதினொரு வாரம் ஆயிற்று. பீடி புகைத்தால் கூடுவது தாமதமாகும் என்று கண்டிப்பாகச் சொன்னதால் அதை முன்பே விட்டுவிட்டேன். இடிப்பு வலி போய்விட்டது. ஆனால் கையை மேசை விளிம்பில் வைத்தால் பிளேட் உறுத்துகிறது. அதை எடுக்க இன்னொரு அறுவை தேவைப்படலாம்.

ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியாக மூட்டுக்குள் கேமரா செலுத்திச் செய்வது) வழியாக அல்னாவின் நுனியை மட்டும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை சீவியெடுக்கும் முறையும் உண்டு. அதில் பிளேட் இல்லை, எலும்பு ஒன்றுகூடும் வரை காத்திருக்கவும் வேண்டாம். குருத்தெலும்பு ஏற்கெனவே நடுவில் கிழிந்திருப்பவர்களுக்கே அது பெரும்பாலும் பொருந்தும். அம்மாவுக்கு எது, ஏன் என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கையைத் தட்டையாக வைத்து எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரேதான் எங்களிடம் இருக்கிறது; பட்டையும் இதுவரை அணியவில்லை. இன்றே கத்தரியை அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.