உணவக விமர்சனங்களைக் கொண்டு உணவு நச்சுப் பாதிப்பைக் கணக்கிட முடியுமா?

கேள்வி: கொங்குத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்து, மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து, உணவால் உடல்நிலை கெட்டவர்கள் அதை முதலில் எங்கே சொல்கிறார்கள் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. என் ஆய்வேட்டுக்காக, எங்கள் நகரத்து உணவகங்களைப் பற்றிக் கூகுள் மேப்ஸில் மூன்று மாதங்களில் வந்த விமர்சனங்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றைக் குறிப்பிடுபவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மறக்க முடியவில்லை. நான்கு பேர் இரவில் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மயோனைஸ் தொட்டுக்கொண்ட மூவருக்கும் விடியற்காலையிலிருந்து வாந்தி, தொட்டுக்கொள்ளாத தம்பிக்கு எதுவும் இல்லை.

இந்த எண்ணிக்கையை வைத்து, எங்கள் நகரில் உணவு நச்சுப் பாதிப்பு இவ்வளவு என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றால் இந்தத் தரவால் என்ன பயன்?

பதில் 1: கொள்ளைநோயியலாளர்

சொல்லக் கூடாது, ஆனால் பயன் நிறையவே இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் ஆய்வேடு தானாகவே தெளிவடையும்.

சிகாகோ நகரச் சுகாதாரத் துறையினர் 2013 மார்ச்சில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். ட்விட்டரில் உணவு நச்சைப் பற்றி வரும் பதிவுகளை ஒரு கணினி நிரல் பொறுக்கித் தரும். அவற்றைப் பணியாளர்கள் படித்துப் பார்த்து, உண்மையிலேயே பாதிக்கப்பட்டவராகத் தெரிந்தால், அவருக்குப் பதில் எழுதிப் புகார்ப் படிவத்தின் இணைப்பை அனுப்புவார்கள். 2014 ஜனவரி வரை பிடிபட்ட பதிவுகள் 2,241. மனிதர்கள் படித்த பிறகு அவற்றில் எஞ்சியவை 270 மட்டுமே. அதே காலத்தில் படிவம் வழியாக 193 புகார்கள் வந்தன, 133 உணவகங்களில் சோதனை நடந்தது. 21 உணவகங்கள் தேறவில்லை, 33 உணவகங்கள் நிபந்தனையுடன் தேறின. அவர்கள் ட்வீட்டுகளை எண்ணி நோயின் அளவைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தச் சமையலறைக்குள் முதலில் நுழைந்து பார்ப்பது என்பதை முடிவு செய்யவே அவை பயன்பட்டன.

நியூயார்க்கில் 2012 ஜூலையிலிருந்து 2013 மார்ச் வரை யெல்ப் என்ற விமர்சனத் தளத்தின் ஏறத்தாழ 2,94,000 விமர்சனங்களை அலசினார்கள். அண்மையில் ஏற்பட்ட உணவு நச்சோடு பொருந்தியவை 468. அவற்றில் 3 விழுக்காடு மட்டுமே நகராட்சியின் தொலைபேசிப் புகார்ச் சேவைக்கு வந்திருந்தன. அதுவரை எவருமே அறிந்திராத மூன்று உணவு நச்சுப் பரவல்கள் இந்த வழியாகத்தான் வெளிப்பட்டன. அங்கே சோதனைக்குப் போனவர்கள் எலியையும் கரப்பானையும், சமைத்த உணவை வெறுங்கையால் எடுப்பதையும் கண்டார்கள். வாந்தியெடுத்தவர் அரசுக்குத் தொலைபேசியில் அழைப்பதில்லை, ஆனால் விமர்சனம் எழுதிவிடுகிறார். உங்கள் ஆய்வு நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மக்கள் பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட்ட உணவையே குற்றம் சொல்வார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியை வரவழைக்கும், ஆனால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாட்கள் வரை ஆகலாம். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ என்றால் சராசரியாக நான்கு வாரங்கள். மதியம் சாப்பிட்ட பிரியாணியின் பெயர் விமர்சனத்தில் இருக்கும்; காரணமோ முந்தாநாள் வீட்டில் உண்ட முட்டையாக இருக்கலாம். அந்த நால்வரின் குறிப்பு உங்களை ஈர்த்ததற்குக் காரணம், சாப்பிட்டவர் யார், சாப்பிடாதவர் யார், எத்தனை மணி நேரத்தில் நோய் வந்தது என்ற மூன்றும் அதில் இருப்பதுதான். அத்தகைய குறிப்புகளைத் தனி வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: சொல்லடைவு

மொழித் தரவில் பணியாற்றுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். "வயிற்றுப்போக்கு" என்று தேடினால் உங்களுக்குப் பாதிகூடக் கிடைக்காது. மக்கள் "வயித்தால போகுது", "பேதி ஆயிடுச்சு", "வயிறு சரியில்ல" என்று எழுதுகிறார்கள். அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் தட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், "பில்லைப் பார்த்ததும் காய்ச்சலே வந்துவிட்டது" என்பவர் நோயாளி அல்லர். ஒவ்வொரு விமர்சனத்தையும் இருவர் தனித்தனியே படித்து வகைப்படுத்தி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

எண்ணிக்கையை நோயின் அளவாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கூகுள் நிறுவனத்தின் ஃப்ளூ கணிப்பே சான்று. 2008-இல் தொடங்கிய அது தேடல் சொற்களை வைத்து அமெரிக்காவின் காய்ச்சல் நிலையைக் கணித்தது. 2009-இல் புதிய பன்றிக்காய்ச்சலின் முதல் அலையைத் தவறவிட்டது. 2012–13 குளிர்காலத்தில் அரசுக் கணக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கைச் சொன்னது, 2015-இல் நிறுத்தப்பட்டது. பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பற்றிய தேடல்கள்கூட, அவையும் குளிர்காலத்திலேயே நடப்பதால், காய்ச்சலோடு சேர்ந்து ஏறி இறங்கின. அவற்றை ஆட்கள் கையால் நீக்க வேண்டியிருந்தது. செய்திகளில் ஷவர்மா அடிபடும் வாரத்தில் உங்கள் தரவிலும் இதே வீக்கம் வரும் என்பதால், செய்தி வந்த தேதிகளைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

பதில் 3: அறக்குழு உறுப்பினர்

அந்த நால்வரின் விமர்சனத்தை இங்கே எழுதியவாறே கொடுத்திருக்கிறீர்களா, மாற்றிக் கொடுத்திருக்கிறீர்களா? எழுதியவாறே கொடுத்தால் ஒரே தேடலில் அவருடைய பெயரும் படமும் கிடைத்துவிடும். ஆய்வேட்டிலும் பொருளை மட்டும் உங்கள் சொற்களில் தாருங்கள். பொதுவெளியில் எழுதியதால் எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் செல்லாது. 2014-இல் பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு, ட்விட்டரில் மனம் உடைந்து எழுதுபவர்களைக் கண்டறிந்து அவர்களைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரிவிக்கும் சேவையை நல்லெண்ணத்துடன் தொடங்கியது. தங்களைக் கண்காணிக்கிறார்கள் என்று பயனர்கள் கடுமையாக எதிர்த்ததால், சில நாட்களிலேயே அதை நிறுத்த நேர்ந்தது.

உணவகப் பெயர்களையும் வெளியிட வேண்டாம். போட்டிக் கடைக்காரர்கள் எழுதும் பொய் விமர்சனங்கள் ஏராளம். சோதனை நடக்காத நிலையில், ஒரு குடும்பத்தின் பிழைப்பு உங்கள் பட்டியலால் கெடக் கூடாது. ஐயத்துக்கு இடமானவற்றை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கொங்குத்தென்றல்

மிக்க நன்றி, ஐயா. அந்தக் குறிப்பில் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை, உறவுமுறை, நேரம் ஆகியவற்றை மாற்றித்தான் எழுதினேன். பாதிப்பின் அளவு என்ற நோக்கத்தைக் கைவிட்டுவிட்டு, இந்த விமர்சனங்களில் எத்தனை ஏற்கெனவே உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகாராகச் சென்றிருந்தன என்பதை ஒப்பிடப் போகிறேன். அதற்குத் துறையின் அனுமதி வேண்டும்; விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்ததற்கு முன்னும் பின்னும் வந்த விமர்சனங்களைத் தனித்தனியே வகைப்படுத்தவும் எண்ணுகிறேன். சொல்லடைவு அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொங்கு வட்டாரத்தில் வயிற்றுக் கோளாறுக்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து வருகிறேன்; விடுபட்டவற்றைப் பார்த்துச் சொல்வீர்களா?