பித்தப்பைக் கல், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்): உங்கள் அனுபவம் என்ன?

தேனிமலர்:
பித்தப்பையை எடுத்த அன்று ராத்திரி வலது தோளில் அப்படி ஒரு குத்தல். வயிற்றில் நாலு துளை, அங்கே வலி பெரிதாக இல்லை. மாரடைப்பு என்றே நினைத்து வீட்டுக்காரரை எழுப்பினேன். நர்ஸ் வந்து, "கேஸ் வலிம்மா, எழுந்து கொஞ்சம் நடங்க" என்றார். வயிற்றை உப்ப வைக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் தோளில் வலி தெரியுமாம். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன், சரி. ஆனால் இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சேலத்துக்காரன்:
அக்கா, எங்கள் அம்மாவுக்கு 1988-ல் இதே ஆபரேஷன். விலாவுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. நம் நாட்டில் 1990-ல்தான் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இதைத் துளை வழியாகச் செய்தார். இருமல் வந்தால் அம்மா தலையணையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. தோள்வலி ஓரிரு நாளில் போய்விடும். அதற்குப் பயந்து யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

நெல்லைவாசகி:
தேனிமலர் பயமுறுத்தவில்லை சகோ, சொல்லவில்லையே என்றுதான் கேட்கிறார். எனக்கும் அதே ஆதங்கம். என் கணவருக்குக் கேமரா விட்டுப் பார்த்தால் உள்ளே எல்லாம் வீங்கி ஒட்டிக் கிடந்ததாம். டாக்டர் பாதியில் வெளியே வந்து, "திறந்துதான் செய்யணும்" என்றார். தியேட்டர் வாசலில் எனக்குக் கால் நடுங்கியது. பித்தக்குழாய் சரியாகத் தெரியாமல் வெட்டினால் அதைவிடப் பெரிய ஆபத்து என்பது அப்புறம்தான் புரிந்தது.

பழைய வார்டு சிஸ்டர்:
எனக்கும் லேப்ராஸ்கோப்பிதான், நல்லபடியாக முடிந்தது. ஆனால் நெல்லைவாசகி சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திறந்து செய்ய நேர்ந்தால் அது தோல்வி இல்லை, டாக்டரின் நிதானம். அப்படி நேரலாமா என்று முன்பே கேளுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டர் சரி என்றதும் அன்றைக்கே எழுந்து நடங்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் அது உதவும். எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தழும்பு சின்னது என்று குடத்தைத் தூக்கிவிடாதீர்கள், உள்ளே ஆற நாளாகும். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

தேனிமலர்:
சிஸ்டர், மாடிப்படி ஏறலாமா? எங்கள் வீடு இரண்டாவது மாடி.