ஊர்க் கிணறுகள் பெயரிழந்து நிற்கின்றன, எல்லைக்கோடு கடலுக்குள் போய்விட்டது: உதவி தேவை

கேணிக்காரி:
வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பொதுக் கிணறு, கேணி, குளம் எல்லாவற்றையும் ஃபோன் ஜிபிஎஸ்ஸில் குறித்து வருகிறோம். 312 புள்ளிகள் சேர்ந்துவிட்டன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஷேப் ஃபைலாக மூன்று ஃபோல்டரில் வைத்திருந்தோம். போன கிழமை லேப்டாப் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியதால், அவசரத்தில் எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றினோம்.

இப்போது வேறு கணினியில் திறந்தால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூடச் சரியாக இல்லை. ஒரு ஃபோல்டரில் புள்ளி மட்டும் வருகிறது, விவரம் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. தெரிந்தவர் ஒருவர் பழைய சீடியில் இருந்து கிராம அலுவலர் பிரிவு எல்லைகளைத் தந்தார். அது கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் போய் விழுகிறது! கிணறுகள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. இனி இவற்றை எப்படிச் சேமிப்பது, எல்லைக்கு நம்பிக்கையான டேட்டா எங்கே எடுப்பது?

பனங்கூடல்:
பெயர், விவரம் இருக்கும் டிபிஎஃப் ஃபைலை எக்செலில் திறந்து பெயர்களைத் திருத்திச் சேமித்துவிடுங்கள், சரியாகும்.

வடமராட்சி அண்ணா:
தங்கச்சி, அதைச் செய்ய வேண்டாம். எக்செலில் வரிசை மாறினாலோ ஒரு வரி அழிந்தாலோ கிணறு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் போய்விடும். ஷேப் ஃபைலில் புள்ளியையும் பெயரையும் கட்டி வைத்திருப்பது அந்த வரிசை மட்டும்தான்.

முதலில் இதைப் பாருங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் நிற்கின்றனவா, அல்லது தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் குவிந்து கிடக்கின்றனவா? ஐரோப்பிய எழுத்துகள் என்றால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, மென்பொருள்தான் பிழையாக வாசிக்கிறது. லேயரின் (வரைபட அடுக்கின்) பண்புகளில் மூலப் பகுதிக்குப் போய் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். அசல் கேள்விக்குறி என்றால் சேமித்த அன்றே தமிழ் போய்விட்டது. திரும்பி வராது.

விவரமே இல்லாத ஃபோல்டரில் டிபிஎஃப் இல்லை என்று நினைக்கிறேன். ஷேப் ஃபைல் என்பது ஒரு ஃபைல் இல்லை, ஒரு குடும்பம். எஸ்எச்பியில் வடிவம், எஸ்எச்எக்ஸில் எந்த வடிவம் எங்கே என்ற சுட்டி, டிபிஎஃப்பில் விவர அட்டவணை, பிஆர்ஜேயில் இடத்தை எண்ணால் குறிக்கும் ஆள்கூற்று முறை, சிபிஜியில் எழுத்துக் குறியாக்கம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு மற்றதை விட்டுவந்தால் இப்படித்தான் நடக்கும். பழைய டிஸ்க் இன்னும் ஓடினால் முதல் வேலையாக அந்த டிபிஎஃப்பை எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்த எல்லை லேயரில் யாழ் நகரப் பக்கம் மவுஸை வைத்தால் கீழே என்ன எண் காட்டுகிறது?

கேணிக்காரி:
117 ஆயிரம் சொச்சம், 494 ஆயிரம் சொச்சம். பிஆர்ஜே ஃபைல் இல்லை அண்ணா. ஆள்கூற்று முறைப் பட்டியலில் ஸ்ரீலங்கா கிரிட் 1999 என்று ஒன்று இருந்தது, அதைத்தான் கொடுத்தேன்.

வடமராட்சி அண்ணா:
அதுதான் விஷயம். இலங்கையில் இரண்டு கிரிட், அதாவது ஒரு மையத்தில் இருந்து மீட்டரில் எண்ணும் இரண்டு ஆள்கூற்று முறை புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலை மலைப் பக்கம்தான். பழைய கண்டவல கிரிட்டில் அந்த மையத்துக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்று எண் கொடுத்தார்கள். 1999 கிரிட்டில் அதுவே 500,000, 500,000. ஆக பழைய எண்ணைப் புதியது என்று சொன்னால் யாழ்ப்பாணம் மேற்கே 300 கிலோமீட்டர், தெற்கே 300 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். போய்ச் சேருகிற இடம்தான் நீங்கள் சொன்ன கடல்.

யாழ் நகரம் புதிய கிரிட்டில் ஏறக்குறைய 417 ஆயிரம், 794 ஆயிரம் என்று வரும். இந்த இரண்டு சோடி எண்ணையும் மேசையில் ஒட்டி வைத்திருங்கள், பார்த்தவுடனே எந்த கிரிட் என்று சொல்லிவிடலாம்.

திருத்துவது சுலபம். லேயரில் வலது சொடுக்கிட்டு அதன் ஆள்கூற்று முறையை ஈபிஎஸ்ஜி 5234 (முறைக்கான அடையாள எண்) என்று மாற்றுங்கள், அதுதான் கண்டவல. புதியது 5235. இங்கே எண்களை மாற்றக் கூடாது, அவை எந்த முறையில் எழுதப்பட்டவை என்று சொல்ல மட்டும் வேண்டும். எல்லை ஊரில் வந்து உட்கார்ந்த பிறகு ஏற்றுமதி செய்து வேறு முறைக்குக் கொண்டுபோகலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு, நானும் குழம்பியிருக்கிறேன்.

தீவகத்தாள்:
அந்த சீடியை நம்பாதீர்கள் தங்கச்சி. எந்த ஆண்டு எல்லை என்று யாருக்குத் தெரியும்? ஐநாவின் மனிதாபிமானத் தரவுத் தளமான எச்டிஎக்ஸில் இலங்கைக்கான நிர்வாக எல்லைகள் கிராம அலுவலர் பிரிவு வரை இலவசமாக இருக்கின்றன. இறக்கியதும் எண்ணிப் பாருங்கள். யாழ் மாவட்டத்துக்கு 15 பிரதேச செயலாளர் பிரிவு, 435 கிராம அலுவலர் பிரிவு வர வேண்டும். ஆனால் காணிப் பிணக்குக்கு அந்தக் கோட்டைக் காட்ட முடியாது. அதற்கு நில அளவைத் திணைக்களம்தான், அங்கே காசு கட்டித்தான் வாங்க வேண்டும்.

வீதி, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் எடுக்கலாம். அதன் தரவைத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்தில் இலங்கை முழுவதும் ஒரே ஃபைலாகக் கிடைக்கும். குளங்களின் பெயருக்கு உங்கள் கமநல சேவை நிலையத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கோடையில் எது வற்றுகிறது என்று பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதும், 10 மீட்டர் துல்லியம். கேணி அதில் தெரியாது.

உயரத் தரவு தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் தேடுகிறார்கள். விண்ணில் இருந்து அளந்த உயரத் தரவான எஸ்ஆர்டிஎம்மை வைத்து யாழ்ப்பாணத்தில் தண்ணீர் எங்கே ஓடும் என்று பார்க்காதீர்கள். நமது தரை அவ்வளவு தட்டை. அதில் மேடு என்று தெரிவது பாதி இடத்தில் பனை வடலி.

வடமராட்சி அண்ணா:
சேமிப்புக்கு ஜியோபேக்கேஜ் என்ற ஃபைல் வகை. கிணறு, குளம், எல்லை எல்லாம் ஒரே ஃபைலுக்குள் தனித்தனி லேயராக இருக்கும், தமிழும் கெடாது. ஷேப் ஃபைலில் அட்டவணைப் பத்தியின் தலைப்புப் பெயருக்கு 10 பைட்தான் இடம். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் போகும், ‘கிண’ என்று எழுதியதோடு சரி. செயற்கைக்கோள் படங்களை மட்டும் உள்ளே திணிக்காமல் இட விவரத்தோடு வரும் ஜியோடிஃப் படங்களாகத் தனியே வையுங்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் திருத்துவதானால் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பார்க்கலாம். 312 கிணற்றுக்கு அது வேண்டாம், கோழிக்குஞ்சுக்கு யானைக் கூடு.

கேணிக்காரி:
எல்லை ஊருக்கு வந்துவிட்டது! ஒரு ஃபோல்டரில் ஐரோப்பிய எழுத்துகள், யூடிஎஃப்-8 கொடுத்ததும் பெயர்கள் வந்துவிட்டன. டிபிஎஃப்பைப் பழைய டிஸ்க்கில் இருந்து எடுத்தாயிற்று, அதுவும் சரி. மூன்றாவதில் 64 கிணறும் அசல் கேள்விக்குறி. கொப்பியோடு இன்னொரு சுற்றுப் போக வேண்டும், அம்மாவின் ஸ்கூட்டி கேட்டிருக்கிறேன்.

ஜியோபேக்கேஜ் செய்தேன். பக்கத்தில் வால், எஸ்எச்எம் என்று முடிகிற இரண்டு ஃபைல்கள் தானாக வந்து நிற்கின்றன. அழிக்கட்டுமா?

வடமராட்சி அண்ணா:
ஐயோ, வேண்டாம். கியூஜிஐஎஸ்ஸை மூடுங்கள், அவை தானாகப் போய்விடும். போகவில்லை என்றால் கடைசியாகச் செய்த திருத்தம் அதற்குள் இருக்கக்கூடும். பென் டிரைவுக்கு மாற்றும்போது மூன்றையும் சேர்த்தே எடுங்கள்.