மறு: மறு: ‘ஸ்டிரப் ஜார்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

மைசீனிய (வெண்கலக்காலக் கிரேக்க) மட்பாண்டங்கள் பற்றிய கல்லூரிப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்டிரப் ஜார்’ மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. உருண்டை வயிறு. உச்சியில் கழுத்துப் போல ஒரு தண்டு, அதில் துளை இல்லை. இரண்டு கைப்பிடிகள் அதன் தலையில் வந்து சேரும். எண்ணெய் வார்க்கும் மூக்கு தனியாகத் தோளில் இருக்கும். இப்போதைக்கு ‘அங்கவடி ஜாடி’ என்று போட்டிருக்கிறேன் (அங்கவடி: குதிரையேறுபவர் கால் வைக்கும் வளையம், ஆங்கிலத்தில் ‘ஸ்டிரப்’).

—

தம்பி, மைசீனியர் தேர் ஓட்டியவர்கள், அங்கவடியை அறியாதவர்கள். கைப்பிடி வளைவைப் பார்த்துப் பின்னாள் ஆய்வாளர் இட்ட பெயர் நமக்கு எதற்கு? மூக்குள்ள கலத்துக்குக் கெண்டி என்ற நல்ல சொல் இருக்கிறது. குண்டிகையின் திரிபு என்பார்கள். நான் ஒப்பவில்லை, கெண்டுதல் தோண்டுதல், குடைந்த வயிறுடையது கெண்டி. புறநானூறு 56இல் யவனர் நன்கலத்தில் தேறல் (மது) வரவில்லையா?

‘ஜாடி’யும் வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையிலேயே ‘சாடி’ உண்டு.

—

ஐயா, அந்த ‘நன்கலம்’ குப்பியா கப்பலா என்பதே தீரவில்லை. இந்தச் சாடிகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிற்பட்ட பாட்டு அது. கெண்டியைக் கழுத்தைப் பிடித்துத்தான் சாய்ப்போம், கைப்பிடி கிடையாது. கிரேக்கத் தொல்லியலாளர் இதைப் ‘பொய்வாய் ஆம்போரா’ (ஆம்போரா: இரு கைப்பிடிச் சாடி) என்றே சொல்கிறார்கள். ‘பொய்க்கழுத்துச் சாடி’ என்போமே!

வகுப்பில் இந்தப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இன்னொன்று. கிரீட் தீவின் மேற்குப் பகுதிக் களிமண்ணில் செய்த பெரிய, சொரசொரப்பான சாடிகள் கிரேக்க நகரமான தீப்ஸின் அரண்மனைவரை போயிருக்கின்றன. சிலவற்றின் தோளில் மைசீனியரின் கணக்கெழுத்தான லீனியர் பி, அதிலும் சிலவற்றில் ‘அரசனுக்குரிய’ என்ற சொல். கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் எரிந்தன, கணக்கெழுதும் எழுத்தும் அழிந்தது. சாடி அழியவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் சிறிய வடிவில், வயிறு முழுக்க ஆக்டோபஸின் கைகள் சுற்றிவர, கிரேக்கத்தின் பெராட்டியிலும் ரோட்ஸ் தீவிலும் கல்லறைக்குள் போகிறது. அரசன் பண்டகத்துச் சரக்காக இருந்த வடிவமே குடும்பத்தார் தம் இறந்தவருக்கு வைக்கும் பொருளாகவும் இருந்தது. இரண்டு காலத்திலும் மாறாதது அந்த அடைத்த கழுத்துதான். பெயரும் அதைச் சொல்லட்டும்.

—

அம்மா, ‘பொய்’ என்றதும் மாணவன் போலிப் பொருள் என்று நினைப்பான். ‘அடைகழுத்துச் சாடி’?

—

பொய்க்கால் குதிரையைப் போலி என்றா நினைக்கிறோம்? ‘அடைகழுத்து’ என்றால் மூடி போட்டது என்று ஆகிவிடும்.

—

மூவர் அதன் பக்கம் நிற்பதால் ‘பொய்க்கழுத்துச் சாடி’ என்றே அனுப்புகிறேன். அடுத்தது ‘கைலிக்ஸ்’: உயர்ந்த தண்டின்மேல் அகன்ற குடிகலம். பைலோஸ் அரண்மனையின் ஒரே அறையில் 2,800க்கு மேல் கிடைத்தது. ‘தண்டுக்கிண்ணம்’ சரியா?

—

கிண்ணத்தைப் பிறகு பார்ப்போம். அடிக்குறிப்பிலாவது ‘கெண்டி வகை’ என்று சேருங்கள், தம்பி. அதை நான் விடுவதாக இல்லை.