ஹெர்ரிங் பாணிக் குதிரை ஓவியங்கள்: பஞ்சைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ஜான் பிரெடெரிக் ஹெர்ரிங் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குதிரை ஓவியர். அந்தக் கையெழுத்தைக் கண்டதுமே அப்பா வரைந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மகனுக்கும் அதே பெயர். அவரும் குதிரை, பண்ணைமுற்றம்தான். அதனாலேயே அப்பா 1836 முதல் பெயரோடு 'சீனியர்' சேர்த்துக்கொண்டார். பிற்பாடு யாராவது அதைச் சேர்த்திருக்கவும் கூடும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எழுத்தின் வண்ணம் பழைய வெடிப்புக்குள் இறங்கியிருந்தால், எழுத்து வெடிப்புக்குப் பிறகு வந்தது. வெடிப்பு எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் நிம்மதி.

—

லென்ஸோடு புற ஊதா விளக்கும் வேணும். இருட்டறையில் பழைய பிசின் வார்னிஷ் பச்சையா ஒளிரும், மேலே பூசின புதுத் தீற்றல் கறுப்புத் திட்டா நிற்கும். ஆனா கெட்டியான வார்னிஷுக்கு அடியில இருக்கிற ரீடச் (பிற்பாடு பூசின திருத்தம்) தெரியாமப் போகலாம். "திட்டு இல்லை, சுத்தம்"னு சொல்லிட முடியாது.

—

பெரிய சேதம் எல்லாம் சுத்தம் செய்யும்போதுதான். அந்தக் காலத்தில் மாஸ்டிக் என்ற மரப்பிசின் வார்னிஷையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து, மெகில்ப் என்ற ஜெல்லியை வண்ணத்தில் சேர்ப்பார்கள். செந்தவிட்டுக் குதிரையின் விலாப் பளபளப்பு, மர நிழல் எல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி மெல்லிய பூச்சுதான். அதிலும் பிசின் இருப்பதால், வார்னிஷைக் கரைக்கும் திரவம் இதையும் கரைத்துவிடும். பஞ்சில் வரும் பழுப்பு வார்னிஷா, குதிரையின் தோலா என்று கண்ணுக்குத் தெரியாது. ஈயவெள்ளை சேர்ந்த வானம் தாங்கும். அதனால் சட்டம் மறைக்கும் ஓரத்தில், வானத்தில் முதல் சோதனை. அங்கே தாங்கியதை நம்பிக் குதிரைக்கு இறங்கக் கூடாது. பிடரி மயிர், கடிவாள வார், கால் நிழல்: இவைதான் முதலில் போகும். மேலழுக்குக்கு மட்டும் என்றால் எச்சில் தொட்ட பஞ்சே பல படங்களுக்குப் போதும்.

நிழலில் முதலைத் தோல் மாதிரி அகலமான வெடிப்பு இருந்தால் பிட்டுமென் (தார் போன்ற கரும்பழுப்பு வண்ணம்) என்று சந்தேகப்படுங்கள். அது முழுசாகக் காயாது. மேலே பூசியது காய்ந்து, அடியில் வழுக்கிப் பிரியும். சூடு காட்டவே கூடாது.

—

கேன்வாஸ் கீழ் ஓரத்தில உப்பியிருந்தா, அதை இழுத்துப் பிடிக்கிற மரச்சட்டத்தோட மூலை ஆப்பைத் தட்டி இறுக்காதீங்க. கேன்வாஸுக்கும் கீழ்க் கட்டைக்கும் நடுவில தூசி, கழன்று விழுந்த ஆப்பு, ஆணி கிடக்கும். அதை எடுத்தாலே பாதி சரியாகும்.

—

ஓடும் குதிரை முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீட்டி அந்தரத்தில் பறப்பதை வைத்துப் போலி என்று சொல்லாதீர்கள். அன்றைய வழக்கமே அது. நாலு காலும் தரையை விடுவது வயிற்றடியில் குவியும்போதுதான் என்று புகைப்படக்காரர் மைப்ரிட்ஜின் போட்டோக்கள் காட்டியது 1878இல். 1840 என்று தேதியிட்ட படத்தில் கால்கள் அப்படியே குவிந்திருந்தால்தான் லென்ஸை எடுக்கணும்.